அம்மா நாப்பது வருஷமா தப்பா பாடற பாட்டைத் திருத்தணுமா?

கூடத்து ஊஞ்சல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருக்கேன், எழுதறது இதான் முதல் தடவை. எனக்குப் பாட வராது, கேக்கத் தெரியும், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு 71 வயசு. யார்கிட்டயும் முறையா பாட்டு கத்துக்கிட்டதில்ல. ரேடியோவுல கச்சேரி வரும்போது பக்கத்துல ஒரு நோட்டும் பென்சிலும் வெச்சுக்கிட்டு காதுல விழறதை எழுதுவாங்க, விட்டுப்போன வார்த்தைக்கு இடம் விட்டு கோடு போட்டு வெச்சு, அதே பாட்டு மறுபடி எப்ப வருமோன்னு மாசக்கணக்கா காத்திருந்து அந்தக் கோட்டு மேல எழுதி ரொப்புவாங்க. அப்படி சேத்த நோட்டு இன்னும் வீட்ல இருக்கு. அதுல தியாகராஜரோட தெலுங்குக் கீர்த்தனை நகுமோமு ஒண்ணு. நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப சாயங்காலம் அரிசி களையும்போது அம்மா அதைத்தான் பாடுவாங்க. எனக்கு ஒரு வார்த்தை கூட புரியாது, அம்மாவுக்கும் புரியாதுன்னு இப்பத்தான் தெரியுது, ஆனா சரணம் வரும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும், இன்னிக்கும் அடைக்குது.

என் மக பதினாலு வயசு, அஞ்சு வருஷமா பாட்டு கத்துக்கறா, நல்லாவே பாடுவா. மூணு வாரம் முன்னாடி பாட்டி பாடறதைக் கேட்டுட்டு "பாட்டி, சரணத்துல ககராஜுன்னு வர்றதும் அடுத்த வரியில ககனன்னு வர்றதும் வேற வேற உச்சரிப்பு, நீங்க ரெண்டையும் ஒரே மாதிரி பாடறீங்க, அர்த்தமே மாறிடும்"னு சொன்னா. மரியாதையாத்தான் சொன்னா, அவ மேல குத்தம் இல்ல. அம்மா "அப்படியாம்மா"ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்க.

அன்னிலேர்ந்து அம்மா பாடல. கேட்டா தொண்டை சரியில்லங்கறாங்க. தொண்டையில ஒண்ணும் இல்ல, எனக்குத் தெரியும். வீட்ல அந்த நேரம் ஆனா ஒரு மாதிரி இருக்கு.

விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. மக சொன்னது சரியா? சரின்னா அம்மாவைத் திருத்திக்கச் சொல்லணுமா, இல்ல விட்டுடணுமா? பாட்டுக்கு வார்த்தை அவ்வளவு முக்கியம்னா, வார்த்தையே தெரியாத நான் இத்தனை வருஷமா எதைக் கேட்டு அழுதேன்?

---

சுருதிப்பெட்டி எழுதியது:

நான் பாட்டு சொல்லித் தர்றவ, இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. முதல்ல உங்க பொண்ணு சொன்னது சரி. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பெருசா இருக்கும் பொறுத்துக்கங்க.

தமிழ்ல ஒரு க தான். தெலுங்குல நாலு. அதனால கீர்த்தனையைத் தமிழ் எழுத்துல அச்சடிக்கும்போது எழுத்து பக்கத்துல பொடியா 2, 3, 4ன்னு எண் போடுவாங்க, எண் இல்லன்னா சாதாரண க. ககராஜுங்கறதுல முதல் எழுத்து க2, அடுத்தது க3. க2ன்னா வானம், க3ங்கறது போறவன், ஆக வானத்துல போறது, அதாவது பறவை. பறவைகளோட ராஜா, கருடன். அடுத்த வரியில வர்ற ககனத்துல ரெண்டுமே க3, அது ஆகாசம். எண்ணை எடுத்துட்டா தமிழ்க் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரேடியோவைக் கேட்டு எழுதினவங்களுக்கு அந்த எண் எப்படித் தெரியும்? அவங்க மேல தப்பே இல்ல.

இப்ப அர்த்தம். உன் சிரிச்ச முகத்தைப் பாக்க முடியாம தவிக்கிற என் நிலைமை தெரிஞ்சும் என்னைக் காப்பாத்த வரக்கூடாதான்னு பல்லவியில ராமனைக் கேக்கறார். சரணத்துல இன்னும் ஒரு படி இறங்கி, நீ வராததுக்கு காரணம் தேடறார். நீ உத்தரவு போட்டும் கருடன் வேகமா கெளம்பலையா? இல்ல, ஆகாசத்துலேர்ந்து பூமிக்கு ரொம்ப தூரம்னு சொல்லிட்டானா? பக்தன் ஒருத்தன் தன் சாமிக்காக தானே சாக்கு கண்டுபிடிச்சுக் கொடுக்கறான் பாருங்க. வரலன்னு கோவப்பட முடியல, அதனால வாகனத்து மேல பழியைப் போடறான். அப்புறம் வேற யார்கிட்டப் போய் முறையிடுவேன்னு கேக்கறார். நான் இதை சொல்லித் தரும்போது அர்த்தம் சொல்லாம ஒரு சங்கதி (ஒரே வரியை மாத்தி மாத்திப் பாடற விதம்) கூட போட விடமாட்டேன்.

ஆனா ஒரு விஷயம். நாங்க வகுப்புல பொதுவா பண்ற தப்பு உங்க பொண்ணும் பண்ணிட்டா. எழுத்தைத் திருத்தினா, அர்த்தத்தை சொல்லல. "அர்த்தம் மாறிடும்"னு சொன்னாளே தவிர அர்த்தம் என்னன்னு பாட்டிக்குச் சொன்னாளா? அம்மாகிட்ட முதல்ல கருடனைப் பத்தி சொல்லுங்க. க2, க3 எல்லாம் அப்புறம்.

---

தோடிப்பிரியன் எழுதியது:

டீச்சர் அம்மா சொன்னதுல எனக்கு பாதிதான் உடன்பாடு. மன்னிக்கணும்.

நான் நாதஸ்வரக்காரங்க வீட்டுப் பையன், வாசிக்கறது அப்பாவோட போச்சு, நான் வேற வேலைக்குப் போயிட்டேன். எங்க வீட்ல பாட்டுக்கு வார்த்தை ஏது? ஆச்சா மரத்துல கடைஞ்ச குழாய்க்குள்ள ஊதற காத்து, முனையில நாணல்ல பண்ணின சீவாளி, அவ்வளவுதான். சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிப்பாங்களே, கம்பீர நாட்டை ராகத்துல, அதுக்கு சாகித்யமே கிடையாது. வார்த்தை இல்லாத உருப்படி. ஆனா அது ஆரம்பிச்ச உடனே வெளில தேர்முட்டி கிட்ட கதை பேசிட்டு இருக்கறவன் கூட சாமி கெளம்பிடுச்சுன்னு எழுந்து வருவான். அந்த சேதி எப்படிப் போச்சு? டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடி ராகத்தை மணிக்கணக்கா வாசிப்பாராம், விடியற வரைக்கும் ஜனம் உக்காந்து கேட்டதை எங்க தாத்தா சொல்லிச் சொல்லி மாள மாட்டார். அங்க எந்த க2, எந்த க3?

அப்புறம் இன்னொண்ணு, இதை யாரும் சொல்லக் காணோம். நகுமோமுவை இன்னிக்கு எல்லாரும் ஆபேரி ராகத்துல பாடறாங்க, சதுச்ருதி தைவதம் போட்டு (தைவதம்னா ஸரிகமபதநியில த, அதுல மேல நிக்கறது சதுச்ருதி, கீழ நிக்கறது சுத்தம்). பழைய வழியில ஆபேரிக்கு சுத்த தைவதம். நடபைரவிங்கற தாய் ராகத்துல பொறந்ததா இருந்தது இன்னிக்கு கரஹரப்ரியாவுல பொறந்ததா கணக்காயிடுச்சு. முசிறி சுப்பிரமணிய ஐயர் பாடின ரெக்கார்டு வீடு வீடா போச்சு, ஜனம் அதைக் கேட்டுத்தான் இந்தப் பாட்டு மேல பைத்தியமா ஆச்சு. இப்ப பழைய தைவதத்தைப் போட்டு யாராவது பாடினா நம்ம காது ஒத்துக்குமா? ஒரு ஸ்வரமே மாறிப்போச்சு, யாரும் வித்வான்கள்கிட்டப் போய் நீங்க பாடறது தப்புன்னு சொல்லல. அடுப்படியில பாடற ஒரு அம்மாகிட்ட மட்டும் ஒரு எழுத்துக்குக் கணக்கு கேக்கறோம்.

அக்கா, நீங்க எதைக் கேட்டு அழுதீங்கன்னு கேட்டீங்க. அந்த ராகத்துல காந்தாரம், நிஷாதம்னு ரெண்டு ஸ்வரத்தையும் ஆட்டுற ஆட்டுல இருக்கு உங்க அழுகை. அம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்க.

---

திண்ணைவாசி எழுதியது:

எங்க பாட்டி ஒரு தாலாட்டு பாடுவா, அதுல ரெண்டு வரிக்கு அர்த்தமே கிடையாது, அவளுக்கும் தெரியாது அவ அம்மாவுக்கும் தெரியாதாம். நானும் அப்படியே என் பையனுக்குப் பாடினேன், தூங்கினான். மாத்தணும்னு தோணவே இல்ல.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

தோடிப்பிரியன் தம்பி, அந்த தைவதம் சமாச்சாரம் நல்ல தகவல், ஆனா வார்த்தை வேண்டாம்னு ஒரே போடா போடறதை என்னால ஏத்துக்க முடியல.

நாதஸ்வரம் வேற, வாய்ப்பாட்டு வேற. வாயைத் திறந்து ஒரு சொல்லைச் சொல்லிட்டா அந்தச் சொல்லுக்குப் பொறுப்பு வந்துடுது. பாரதி சங்கீத விஷயம்னு எழுதின கட்டுரையில இதுக்காகத்தான் அவ்வளவு கோவப்பட்டார், பாடறவனுக்கும் அர்த்தம் தெரியாம கேக்கறவனுக்கும் தெரியாம அதே பாட்டை திருப்பித் திருப்பிப் பாடிட்டு இருந்தா ரசம் எங்கேர்ந்து வரும்னு. அவர் போனது 1921ல. அதுக்கப்புறம் இருபது வருஷம் ஆச்சு, 1941ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல தமிழிசை மாநாடு கூட்டவே. 1943ல சென்னையில தமிழ் இசைச் சங்கம். தமிழ்நாட்டுல தமிழ்ல பாடுங்கன்னு கேக்கறதுக்கு ஒரு இயக்கம் வேண்டியிருந்துது, இதை நெனச்சா எனக்கு இன்னிக்கும் தொண்டையில ஏதோ சிக்கினாப்பல இருக்கும். தமிழ்ல கீர்த்தனை எழுதின முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தா பிள்ளை மூணு பேரும், தியாகராஜர், தீட்சிதர், சாமா சாஸ்திரிங்கற சங்கீத மும்மூர்த்திகளுக்கு முன்னாடியே வந்துட்டவங்க. அவங்க பாட்டெல்லாம் கச்சேரியில எங்க வரும்? மிருதங்கக்காரர் தனியா வாசிக்கற தனி ஆவர்த்தனம் முடிஞ்சு பாதி பேர் கெளம்பினப்புறம், துக்கடான்னு பேர் வெச்சு.

ஊஞ்சல் அம்மா, உங்க கேள்விக்கு வர்றேன். ஒரு வார்த்தையும் புரியலன்னு சொல்றீங்களே, அது முழுக்க உண்மை இல்ல. நகுமோமு. நகுன்னா தமிழ்ல என்ன? சிரி. நகை, புன்னகை எல்லாம் அதுலேர்ந்து வந்ததுதானே. தெலுங்குலயும் அதேதான். உங்களுக்கு முதல் சொல்லு பொறந்ததுலேர்ந்தே தெரியும், தெரியும்னு தெரியல அவ்வளவுதான். டீச்சர் சொன்ன முறையிடறதுன்னு வர்ற இடத்துல மூலத்தைக் கேட்டுப் பாருங்க, நம்ம முறையிடு மாதிரியே காதுல விழும். வெறும் காந்தார நிஷாதத்துக்கு யாரும் அழல. அடியில சொல்லு வேலை செஞ்சுட்டே இருந்திருக்கு.

---

தோடிப்பிரியன் எழுதியது:

ஐயா, நகு விஷயம் எனக்குத் தோணவே இல்ல, ஒத்துக்கறேன். ஆனா வித்வான் பாட்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் ஆலாபனை பண்றார், ததரின்னன்னு, அதுல என்ன சொல்லு இருக்கு? பாதி சபை அப்பவே கண்ணைத் தொடைச்சுக்குது. சொல்லு அடியில வேலை செய்யுதுன்னா அங்க எது வேலை செய்யுது?

நான் வார்த்தை வேண்டாம்னு சொல்லல, ஐயா. வார்த்தை தெரியாதவங்களுக்குப் பாட உரிமை இல்லங்கற மாதிரி ஆக்கிடாதீங்கன்னுதான் சொல்றேன். எங்க அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் வாசிச்ச தெலுங்குக் கீர்த்தனைக்கு எதுக்குமே அவருக்கு அர்த்தம் தெரியாது. ஆனா எந்தப் பாட்டைக் கல்யாணத்துல வாசிக்கணும் எதை வாசிக்கக் கூடாதுன்னு ஒரு நாள் கூட தவறினதில்ல.

---

சலங்கை எழுதியது:

இந்த இழையை ரெண்டு நாளா படிக்கறேன், எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன். நான் பரதம் ஆடறவ, இப்ப முட்டி வலியில நிறுத்தி வெச்சிருக்கேன்.

எங்களுக்கு இந்தக் கேள்வி தப்பிக்கவே முடியாத கேள்வி. பாடறவங்க அர்த்தம் தெரியாம கூட குரலால கடந்து போயிடலாம், நாங்க கையில காட்டியாகணும். ககராஜுன்னு வந்தா ரெண்டு கட்டைவிரலையும் கோத்து கருட முத்திரை பிடிக்கணும். ககனம்னா கண்ணு மேல போகணும். ரெண்டையும் ஒண்ணா புரிஞ்சுக்கிட்டா வானத்தைக் காட்ட வேண்டிய எடத்துல பறவையைக் காட்டிட்டு நிப்போம்.

நான் பதினஞ்சு வயசுல க்ஷேத்ரய்யா எழுதின பதம் (அபிநயம் பிடிச்சு ஆடற தெலுங்குப் பாட்டு) ஒண்ணு ஆடினேன். டீச்சர் எந்தக் கை, எந்தப் பார்வைன்னு வரிவரியா சொல்லிக் குடுத்தாங்க, அர்த்தம் மட்டும் சொல்லல, நீ சின்னப் பொண்ணு வேண்டாம்னுட்டாங்க. நானும் அச்சு அசலா ஆடி கைதட்டல் வாங்கினேன். முப்பத்திரெண்டு வயசுல, என் வாழ்க்கையில ஒரு பெரிய பிரிவு நடந்தப்புறம், அதே பதத்தோட அர்த்தத்தை வேற ஒருத்தர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். வேற ஒருத்திகிட்ட போயிட்டு வந்து வாசல்ல நிக்கறவனைப் பாத்து ஒருத்தி பேசற பேச்சு அது. அன்னிக்கு ராத்திரி கதவைச் சாத்திட்டு தனியா ஆடினேன். கை ஒண்ணு கூட மாறல, டீச்சர் சொல்லிக் குடுத்த அதே கைதான், ஆனா அது ஏன் அங்க இருக்குன்னு ஒவ்வொண்ணா தெரிஞ்சுது. பதினேழு வருஷமா என் உடம்புல ஒரு கடுதாசி பிரிக்காம கெடந்த மாதிரி. உடம்பு அதைப் பத்திரமா வெச்சிருந்துது. அதனால அர்த்தம் தெரியாம ஆடின அந்த வருஷங்களை நான் வீண்னு சொல்லவே மாட்டேன்.

பரதம் ஆடின பாலசரஸ்வதி அம்மாவை (1918–1984) பத்தி ஒரு வார்த்தை. வீணை தனம்மாளோட பேத்தி. அவங்க அம்மா ஜயம்மாள்தான் அவங்களுக்குப் பாடினவங்க. அந்த வீட்ல பாட்டையும் ஆட்டத்தையும் பிரிச்சே பாக்கலை, அவங்களே பாடிக்கிட்டே அபிநயம் பிடிப்பாங்க. கிருஷ்ணா நீ பேகனேக்கு அவங்க ஆடினதை 1976ல சத்யஜித் ராய் படமா எடுத்து வெச்சிருக்கார், கடலோரத்துல, காத்துல புடவை பறக்கப் பறக்க. அது கன்னடப் பாட்டு. எனக்கு அன்னிக்குக் கன்னடம் தெரியாது. ஆனா கொழந்தையைக் கூப்பிடறாங்கன்னு புரிய எனக்கு ஒரு நொடி ஆகல. ஏன்னா ஆடினவங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் தெரிஞ்சிருந்துது. யாராவது ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும். கேக்கறவங்களுக்குத் தெரியலன்னா பரவால்ல, அந்தப் பக்கம் தெரிஞ்சிருந்தா அது எப்படியோ வந்து சேந்துடும்னு நான் நம்பறேன்.

---

கூடத்து ஊஞ்சல் எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. சலங்கை மேடம், உங்க பதிவை நாலு தடவை படிச்சேன்.

ஆனா ஒண்ணு இடிக்குது. யாராவது ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும்னு சொன்னீங்க. எங்க வீட்ல யாருக்குமே தெரியாதே. அம்மாவுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. அப்ப எங்களுக்கு வந்தது எங்கேர்ந்து வந்துது? ரேடியோவுல பாடின அந்த வித்வான்கிட்டேர்ந்தா? அம்மா வார்த்தையைத்தான் அரைகுறையா எழுதினாங்க, அவர் எங்க குரலை அடக்கினார் எங்க விட்டார்ங்கறதை முழுசா எடுத்துக்கிட்டாங்களோ என்னவோ.

அம்மா இன்னும் பாடல. நோட்டு பூஜை அலமாரியில மேல்தட்டுக்குப் போயிடுச்சு.

---

கட்டியக்குரல் எழுதியது:

தெருக்கூத்து ஆடற குடும்பம் நாங்க, செய்யாறு பக்கம். சங்கீதம் பத்தி பேசற எடத்துல நான் என்ன சொல்றதுன்னு யோசிச்சேன், ஆனா படிக்கப் படிக்க எங்க அப்பாரு ஞாபகம் வந்துடுச்சு.

அப்பாருக்கு எழுத்து தெரியாது. கர்ணன் சாவைச் சொல்ற கர்ண மோட்சக் கூத்து முழுசும் வாயில. அவரு வாத்தியாரு சொல்லக் கேட்டு மனப்பாடம் பண்ணது, அந்த வாத்தியாரு அவரு வாத்தியாருகிட்ட கேட்டது. ராத்திரி பத்து மணிக்கு கட்டியங்காரன் வந்தா விடிய விடிய ஆடணும், முகவீணை மத்தளம் தாளம், பின்பாட்டு ரெண்டு பேரு. நான் பள்ளிக்கூடம் போய் படிச்சதும் அப்பாரு பாடறதுல சில வார்த்தை சிதைஞ்சு கெடக்குன்னு கண்டுபிடிச்சேன். ஒரு விருத்தத்துல வடமொழி வார்த்தை ஒண்ணு மருவி மருவி ஒரு அர்த்தமும் இல்லாம நின்னுது. எனக்கு அப்ப பதினேழு வயசு. கூத்து ஆடற களரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒப்பனை போட்டுட்டு இருக்கும்போது சொல்லிட்டேன், அப்பா அது இப்படி வரணும்னு. அன்னிக்கு ராத்திரி அந்த எடம் வந்ததும் அப்பாரு நின்னுட்டாரு. பழைய வார்த்தையும் வரல, புது வார்த்தையும் வரல. பின்பாட்டுக்காரரு எடுத்துக் குடுத்து சமாளிச்சாங்க. பாத்த ஜனத்துக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, எனக்குத் தெரிஞ்சுது. அவரு ஒண்ணும் கேக்கல, நானும் மன்னிப்பு கேக்கல. இன்னிக்கு வரைக்கும் அது என்கூட இருக்கு.

ஆனா ஒண்ணு சொல்லணும், கூத்துல வார்த்தை முக்கியமில்லன்னு நெனச்சுடாதீங்க. எங்க ஊருல முன்வரிசையில பெருசுங்க உக்காந்திருக்கும், ஒரு வரி விட்டுட்டா "ஏம்பா, பொன்னுருவி பேச்சை முழுங்கிட்ட"ன்னு சத்தம் போடும் (பொன்னுருவி கர்ணனோட பொண்டாட்டி). கட்டியங்காரன் எதுக்கு இருக்கான்? பாட்டுல சொன்னதை ஜனத்து பேச்சுல திருப்பிச் சொல்லத்தான். பாட்டு ஒருபக்கம், அர்த்தம் ஒருபக்கம்னு ஓடும், நடுவுல அவன் நிப்பான். பாடற ராஜாவை நிறுத்தி நீ பாடினது தப்புன்னு அவன் எப்பவும் சொல்ல மாட்டான். ராஜா என்ன சொன்னாருன்னு நம்ம பக்கம் திரும்பி சொல்லுவான்.

எங்க பக்கம் சாவு வீட்டு காரியத்துக்கு கர்ண மோட்சம் வெப்பாங்க. அப்பாரு காரியத்துக்கு நான்தான் கர்ணன் கட்டினேன். அந்த விருத்தம் வந்துது. அவரு பாடினபடியேதான் பாடினேன்.

---

சுருதிப்பெட்டி எழுதியது:

கட்டியக்குரல், உங்க பதிவைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியல.

நான் என் நிலையிலேர்ந்து இறங்கல, கத்துக்கற பிள்ளைங்களுக்கு எழுத்து சுத்தம் வேணும். தமிழ்லயே எத்தனை பேர் தப்பு பண்றாங்க தெரியுமா, அப்பரோட மாசில் வீணையும்ங்கறதை மா-வுல நீட்டி நிறுத்தி சில் வீணைன்னு தனியா போடறாங்க. அழுக்கு இல்லாத வீணைங்கறது போய் ஏதோ சில வீணை ஆயிடுது. பதம் பிரிக்கத் தெரியாம பாடினா நம்ம மொழியே நமக்கு வேத்து மொழிதான். ஏட்டுச்சுவடி ஐயாவும் இதை ஒத்துப்பார்னு நெனக்கறேன்.

ஆனா யாரைத் திருத்தறோம்னு ஒண்ணு இருக்கே. பதினாலு வயசுப் பொண்ணுக்கு இன்னும் அறுபது வருஷம் பாட இருக்கு, அவளைத் திருத்தலாம். ஊஞ்சல் மேடம், பொண்ணைக் கட்டியங்காரனா நிக்கச் சொல்லுங்க. எனக்கு இதைவிட நல்லா சொல்லத் தெரியல.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஒத்துக்கறேன் அம்மா. மாசில் வீணை உதாரணம் அபாரம்.

ஒரு சின்ன சேர்க்கை. உ.வே.சா. சின்ன வயசுல சங்கீதம் கத்துக்கிட்டவர், அப்பா சங்கீதக்காரர். மாயூரத்துல மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட தமிழ் படிக்க வந்தப்ப, அதே ஊர்ல இருந்த கோபாலகிருஷ்ண பாரதியார்கிட்ட பாட்டும் கத்துக்க ஆரம்பிச்சார். இசையில ஊறிட்டா இலக்கண இலக்கியத்துல புத்தி போகாதுன்னு பிள்ளை அபிப்பிராயப்பட்டார். உ.வே.சா. பாட்டை விட்டுட்டார். 'என் சரித்திரம்'ங்கற அவரோட சுயசரிதையில இதைப் படிக்கற ஒவ்வொரு தடவையும் எனக்கு ரெண்டு மனசா இருக்கும். அவர் அப்படி விட்டதாலதான் நமக்கு சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அச்சுல கெடைச்சுதுன்னு ஒரு மனசு. கோபாலகிருஷ்ண பாரதியார் வீட்டுக்குப் போறதை நிறுத்தின அன்னிக்கு அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்னு இன்னொரு மனசு. பின்னாடி அதே கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பத்தி, கனம் கிருஷ்ணையரைப் பத்தி, மகா வைத்தியநாதையரைப் பத்தியெல்லாம் தனித்தனியா எழுதி வெச்சார். விட்டது விட்டபடி போகல போல.

தோடிப்பிரியன் தம்பி, ஆலாபனை பத்தி நீங்க கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல. யோசிச்சுட்டு இருக்கேன்.

---

கூடத்து ஊஞ்சல் எழுதியது:

பத்து நாள் கழிச்சு வர்றேன், நடந்ததை சொல்லிடறேன்.

கட்டியக்குரல் எழுதினதை மகளைப் படிக்கச் சொன்னேன். படிச்சுட்டு ஒண்ணும் பேசல, ரூமுக்குப் போயிட்டா. மறுநாள் சாயங்காலம் அவளா பாட்டி பக்கத்துல போய் உக்காந்து "பாட்டி, அந்தப் பாட்டுல ஒரு கதை இருக்கு தெரியுமா"ன்னு ஆரம்பிச்சா. எழுத்து பத்தி ஒரு வார்த்தை பேசல. ராமர் வரலையாம், இவர் காத்துக்கிட்டே இருக்காராம், ஒருவேளை கருடன் மெதுவா வர்றாரோ, இல்ல ரொம்ப தூரமா இருக்கு முடியாதுன்னு சொல்லிட்டாரோன்னு கேக்கறாராம் பாட்டின்னு சொன்னா.

அம்மா கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தாங்க. கை நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு "வந்தாரா?"ன்னு கேட்டாங்க.

மக என்னைப் பாத்தா. பாட்டுல அது இல்ல பாட்டின்னா.

அப்புறம் அம்மா சொன்னதை அப்படியே எழுதறேன். "கேள்வி கேக்கறார்ங்கறது எனக்குத் தெரியும்டி. லேதோன்னு ஒரு வரி முடியுது, அடுத்த வரியும் ஓன்னுதான் முடியுது. நாம இல்லையோ, வரலையோன்னு சொல்ற மாதிரியே. யாரோ யாரையோ எதிர்பாத்துக்கிட்டு தனக்குத்தானே கேட்டுக்கறாங்கன்னு நெனச்சுப்பேன். யாரை கேக்கறார்னுதான் தெரியாம இருந்துது."

எனக்கு அங்க உக்காந்திருக்க முடியல, எழுந்து பின்பக்கம் போயிட்டேன். ஏட்டுச்சுவடி ஐயா, நீங்க நகு சொன்னீங்க, எங்க அம்மா அந்த ஓ-வைப் பிடிச்சிருக்காங்க, நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே, ரேடியோவுல. தோடிப்பிரியன் தம்பி, உங்க காந்தாரமும் நிஷாதமும் அதுகூட சேந்துதான் இருந்திருக்கணும், எனக்குப் பிரிச்சு சொல்லத் தெரியல.

மூணு நாள் ஒண்ணும் நடக்கல. நாலாவது நாள் சாயங்காலம் நான் துணி மடிச்சுட்டு இருக்கேன், உள்ளேர்ந்து அரிசி களையற சத்தம், கூடவே பாட்டு. ககராஜு பழையபடிதான், ககனமும் பழையபடிதான். தூரம்னு வர்ற எடத்துல மட்டும் முன்ன எப்பவும் இல்லாம கொஞ்சம் நிறுத்தி, மறுபடி அந்த வரியையே எடுத்தாங்க. மூணு தடவை எடுத்தாங்க. மக படிச்சுட்டு இருந்தா, புஸ்தகத்துலேர்ந்து தலையைத் தூக்கினா, வாயைத் திறக்கல.

நோட்டு கீழ வந்துடுச்சு. நேத்து பாத்தேன், சரணத்துல எழுத்துக்கு மேல பென்சில்ல பொடிசா 2, 3, 3, 3ன்னு போட்டிருக்கு. மக கையெழுத்து இல்ல, அம்மாவோடது.

---

சுருதிப்பெட்டி எழுதியது:

மேடம், அந்த நோட்டை போன்ல பக்கம் பக்கமா போட்டோ எடுத்து வெச்சுடுங்க. ஜெராக்ஸ் மிஷின்ல அமுக்க வேண்டாம், பழைய தாள் தாங்காது. கோடு போட்டு ரொப்பின பக்கமெல்லாம் விடாம எடுங்க.

---

கூடத்து ஊஞ்சல் எழுதியது:

எடுத்துட்டேன் டீச்சர், 86 பக்கம். நாலு எடத்துல கோடு இன்னும் காலியாவே இருக்கு. அம்மாகிட்ட கேட்டேன், அந்தப் பாட்டெல்லாம் அப்புறம் ரேடியோவுல வரவே இல்லையாம். அந்த நாலையும் நாளைக்கு இங்க எழுதறேன், என்ன பாட்டுன்னு யாராவது கண்டுபிடிச்சுக் குடுங்க.